கீரைக்கட்டில் கடைசியாகப் பட்ட தண்ணீர்

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "வாரச்சந்தையில் கீரைக்காரம்மா வாளித் தண்ணீரைக் கையால் அள்ளி அள்ளித் தெளிக்கிறார். அது எங்கே பிடித்ததோ தெரியவில்லை. காய்கள் அணைத்தண்ணீரில் விளைந்தவையா என்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் உப்பும் மஞ்சளும் போட்டு அலசுகிறேன், அது போதுமா? எங்கள் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு இருப்பதாகச் சொல்கிறார்கள். அதில் காய் கழுவலாமா?"

ஃப்ளோரைடை முதலில் முடித்துவிடுகிறேன், அதற்குப் பதில் சின்னது. கழுவலாம். ஃப்ளோரைடு உடம்புக்குள் போவது குடிக்கிற தண்ணீரிலும் சமைக்கிற தண்ணீரிலும்தான். கத்தரிக்காய்த் தோலில் ஒட்டியிருக்கும் ஈரம் கணக்கிலேயே சேராது. ஆனால் அதே தண்ணீரில் களி கிளறாதீர்கள். களியும் குக்கர் சோறும் உலைத்தண்ணீர் முழுவதையும் இழுத்துக்கொண்டு வேகின்றன. அதிலிருக்கும் ஃப்ளோரைடும் அப்படியே தட்டுக்கு வந்துவிடும். காய்ச்சினாலும் போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய மிச்சத்தில் அடர்த்தி கூடத்தான் செய்யும். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கிறது, வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை. கிருஷ்ணகிரி, தருமபுரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் நிறைய ஊர்க் கிணறுகள் இதைத் தாண்டியதால்தான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே போடப்பட்டு 2013-இல் தண்ணீர் வந்தது. ஆகவே குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீர், காய்கறியின் முதல் இரண்டு அலசலுக்குப் போர் தண்ணீர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கடைசி அலசல் மட்டும் குடிக்கிற தண்ணீரில் இருக்கட்டும். அதற்கான காரணம் ஃப்ளோரைடு இல்லை, பின்னால் வருகிறேன்.

அணைத்தண்ணீர் கொஞ்சம் சிக்கலான விஷயம். தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூரு ஓரமாக வந்து, நகரத்தின் சாக்கடையையும் தொழிற்சாலைக் கழிவையும் சேர்த்துக்கொண்டு கொடியாளம் அருகே நம் மாநிலத்துக்குள் நுழைகிறது. ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையில் மதகு திறந்தால் ஆள் உயரத்துக்கு நுரை பொங்கி நிற்பதைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அந்த நுரை சோப்பு, டிடர்ஜென்ட் சரக்கு. பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் நுரையைவிட நுரைக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாமல் வருவதில்தான் என் கவனம் இருக்கும். அங்கே இரண்டு தனித்தனி ஆபத்துகள் உண்டு. சாக்கடையோடு வரும் கிருமி ஒன்று, ஆலைக்கழிவோடு வரும் கன உலோகம் மற்றொன்று. கிருமி இலைமேல் உட்காரும். அதைக் கழுவலாம், வேகவைக்கலாம். காட்மியம் போன்ற உலோகம் வேர் வழியே இலைக்குள்ளேயே ஏறிவிடும், எத்தனை முறை அலசினாலும் இறங்காது. கீரைகளும் கிழங்குகளும் இதை அதிகம் ஏற்றுக்கொள்ளும். தக்காளி, வெண்டை மாதிரிக் காய்கள் அவ்வளவு ஏற்றுக்கொள்வதில்லை. ஒரே இடத்துக் கீரையைத் தினமும் சாப்பிடாமல், வாங்குகிற இடத்தையும் கீரையையும் மாற்றி மாற்றி வாங்குவதுதான் வாங்குகிறவர் கையில் இருக்கும் வழி. மற்றபடி இது மண்ணையும் தண்ணீரையும் சோதித்து அரசு சரிசெய்ய வேண்டிய வேலை, உங்கள் சமையலறை வேலை அல்ல. சந்தைக்கு வருவதெல்லாம் ஆற்றுத் தண்ணீரில் விளைந்தது என்றும் நினைக்க வேண்டாம். ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கத் தக்காளித் தோட்டங்களில் நிறையப் பேர் கிணறு, போர் வைத்துச் சொட்டுநீரில்தான் விளைவிக்கிறார்கள்.

சொட்டுநீர் என்றால் தண்ணீர் மிச்சம், மானியம் என்றுதான் பேசுகிறோம். கிருமிக் கணக்கிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு. கழிவுநீர்ப் பாசனம் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒவ்வொரு படியிலும் கிருமி எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். தரையிலிருந்து உயர்ந்து காய்க்கும் செடிக்குச் சொட்டுநீர் விட்டால் பத்தாயிரத்தில் ஒன்றுதான் காய்க்குப் போய்ச் சேரும். தரையை ஒட்டி வளரும் கீரைக்கு நூறில் ஒன்று. அறுவடைக்கு முன் பாசனத்தை நிறுத்திவிட்டால் வெயிலும் ஈரம் காய்வதும் சேர்ந்து ஒவ்வொரு நாளும் கிருமியை மேலும் குறைக்கும், நல்ல வெயில் நாளில் நூறில் ஒன்றாகவே கூட. நம் ஊர் வெயில் இந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்கிறது. ஆக, தோட்டத்தில் பாய்ச்சிய தண்ணீர் சுமாராக இருந்தாலும் இடையில் இரண்டு மூன்று நாள் கிடைத்தால் தப்பித்துக்கொள்ளலாம்.

அறுத்த பிறகு அந்த அவகாசம் கிடையாது. விடியற்காலை கீரையைப் பிடுங்குவார்கள். வேரில் மண் இருந்தால் விலை போகாது, எடையும் ஏமாற்று என்பார்கள். பக்கத்தில் ஓடும் வாய்க்காலிலோ, குட்டையிலோ, கிணற்றடித் தொட்டியிலோ முக்கி அலசிக் கட்டுப் போடுவார்கள். ஒரே தொட்டியில் நூறு கட்டு அலசினால், ஒரு கட்டில் இருந்த அசுத்தம் நூறு கட்டுக்கும் பங்கு பிரிந்துவிடும். அந்த ஈரத்தோடு சாக்கில் சுற்றி வண்டியில் ஏற்றி, சந்தையில் இறக்கி, வாடாமல் இருக்க வெயில் ஏற ஏறத் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். இந்தக் கடைசித் தெளிப்புக்கும் உங்கள் பைக்கும் நடுவில் சில நிமிடம்தான். வெயில் காய வைக்க நேரமில்லை, ஈரச்சாக்குக்குள் கிருமி சாவதற்குப் பதில் பெருகும். அதனால்தான் உங்கள் நான்கு கேள்வியில் வாளிக்கு முதலிடம் தருகிறேன். நுரை பொங்கும் அணையைப் பார்த்துப் பயப்படுகிற நாம் அந்த வாளியை எட்டிப் பார்ப்பதில்லை.

வாளியில் என்ன தப்பு? தண்ணீர் குழாயில் பிடித்ததாகவே இருக்கட்டும். காலை ஐந்து மணிக்குப் பிடித்த தண்ணீர் மூடாமல் பதினொரு மணி வரை இருக்கிறது. காசு வாங்கிய கை, சில்லறை எண்ணிய கை, வெற்றிலை மடித்த கை, சில சமயம் சோப்பு கிடைக்காத கழிப்பறைக்குப் போய் வந்த கை, எல்லாம் அதே வாளிக்குள்தான் முங்குகிறது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்திருந்தாலும் மண்ணும் இலைத்தூசும் விழுந்ததும் அது தீர்ந்துபோகும். குளோரினுக்கு அழுக்கு எது, கிருமி எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. முதலில் கிடைத்ததோடு வினைபுரிந்து செலவாகிவிடும்.

தக்காளியில் இன்னொரு விஷயம் இருக்கிறது, வியாபாரிகளில் பலருக்கும் தெரியாது. வெயிலில் சூடேறிய தக்காளியைச் சில்லென்ற தண்ணீரில் போட்டால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, காம்பு கழன்ற தழும்பு வழியாக வெளித்தண்ணீரை உள்ளே இழுக்கும். அந்தத் தண்ணீர் அசுத்தமாக இருந்தால் கிருமி பழத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு தோலைத் தேய்த்துக் கழுவிப் பயனில்லை. அதனால்தான் வெளிநாடுகளில் பேக்கிங் கூடங்களில் கழுவும் தண்ணீரைத் தக்காளியின் உள்வெப்பத்தைவிட 5 டிகிரி செல்சியஸாவது கூடுதலாக வைக்கச் சொல்கிறார்கள். பங்குனி வெயிலில் பறித்துக் கிரேட்டில் அடுக்கிய தக்காளியை உடனே தொட்டித் தண்ணீரில் கொட்டுவதற்கும் இது பொருந்தும், வெயிலில் தூக்கி வந்த பையை அப்படியே ஃப்ரிட்ஜ் தண்ணீரில் முக்கும் நமக்கும் பொருந்தும். நிழலில் ஆறவிட்டு, பிறகு ஓடுகிற தண்ணீரில் கழுவுங்கள். ஊறப்போட வேண்டாம்.

மாங்காய் மாவட்டத்துக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சம்பவம் உண்டு. 1999 கடைசியில் அமெரிக்காவில் பிரேசில் மாம்பழம் சாப்பிட்ட 78 பேருக்கு சால்மோனெல்லா என்ற குடல்கிருமியின் ஒரே வகைத் தொற்று வந்தது, இருவர் இறந்தார்கள். பழ ஈ முட்டையைக் கொல்ல மருந்துப்புகைக்குப் பதிலாகப் பழத்தை வெந்நீரில் முக்கி, பிறகு குளிர்ந்த தண்ணீரில் ஆற வைத்திருக்கிறார்கள். சூடான பழம் ஆறும்போது தண்ணீரை உறிஞ்சிக்கொண்டது, தண்ணீரோடு கிருமியையும். அதே பண்ணையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன பழம் இந்த முக்கல் இல்லாமல் போனது. அங்கே நோய் கிளம்பவில்லை. பழத்தைப் பாதுகாக்கச் செய்த வேலையே வினையானது, ஏனென்றால் ஆற வைத்த தண்ணீரை யாரும் குடிநீர் அளவுக்கு மதிக்கவில்லை. நம் ஊர் பெங்களூரா மாங்காய் பெரும்பாலும் கூழ் ஆலைக்குப் போய்ச் சூடேற்றப்படுவதால் அங்கே கவலை குறைவு. மண்டியிலிருந்து நேராக வீட்டுக்கு வரும் பழத்துக்குத்தான் இது.

இதெல்லாம் சொன்னால், "நாங்கள் இத்தனை வருஷமாகச் சாப்பிடுகிறோம், ஒன்றும் ஆகவில்லையே" என்பார்கள். ஆகிறது, ஆனால் கணக்கு வேறு பக்கம் எழுதப்படுகிறது. டைஃபாய்டு கிருமி உள்ளே போய்க் காய்ச்சல் வர ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும். மஞ்சள் காமாலையில் ஏ வகைக்கு 15 முதல் 50 நாள். ஒரு மாதத்துக்கு முன் தொட்டுக்கொண்ட புதினாச் சட்னியை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? நேற்று சாப்பிட்ட பானிபூரிதான் பழியைச் சுமக்கும். முட்டைக்கோஸ் பூச்சி மூளைக்கு ஏறும் என்ற பேச்சும் இப்படித் திரிந்து வந்ததுதான். கோஸுக்குள் இருக்கும் பச்சைப்புழுவுக்கும் மூளைக்கும் சம்பந்தமில்லை. நாடாப்புழு இருக்கும் மனிதரின் மலம் கலந்த தண்ணீர் காய்மேல் பட்டு, அதன் கண்ணுக்குத் தெரியாத முட்டை வயிற்றுக்குள் போனால் மூளையில் கட்டி உண்டாகி வலிப்பு வரும். கோஸில் மட்டும் என்றில்லை, கொத்தமல்லியிலும் வரலாம்.

இனி உங்கள் சமையலறை. நல்ல செய்தி இங்கேதான் இருக்கிறது. அதே 2006 வழிகாட்டியின் கணக்குப்படி, நல்ல தண்ணீரில் கழுவினால் பத்தில் ஒன்பது பங்கு கிருமி போகும். கிருமிநாசினியில் கழுவினால் நூறில் தொண்ணூற்றொன்பது. தோல் சீவினாலும் அதே அளவு. வேகவைத்தால் பத்து லட்சத்தில் ஒன்று மிஞ்சினால் அதிகம். அதாவது நம் பக்கத்துக் களியும் கீரைக்கடைசலும் கிருமி விஷயத்தில் மிகப் பாதுகாப்பான சாப்பாடு. அரைக்கீரை, தண்டுக்கீரை, கத்தரிக்காய் எல்லாவற்றையும் மண் போக அலசி வேகவையுங்கள், வாளியைப் பற்றிய கவலையை விட்டுவிடலாம். உஷாராக இருக்க வேண்டியது பச்சையாகப் போவதில் மட்டும்: புதினா, கொத்தமல்லி, வெள்ளரி, கேரட், வெங்காயம், எலுமிச்சை, தக்காளித் துண்டு. சூளகிரி கொத்தமல்லி வாசனைக்குப் பேர் போனது. அதைக் குழம்பு இறக்கிய பிறகு தூவாமல், இறக்குவதற்கு ஒரு நிமிடம் முன்னால் போட்டு ஒரு கொதி விட்டால் போதும். பச்சைச் சட்னிதான் வேண்டும் என்றால் கீழே சொல்வதைச் செய்யுங்கள்.

உப்பு மஞ்சள் பற்றி நேராகவே சொல்கிறேன். காலிஃப்ளவருக்குள் ஒளிந்திருக்கும் புழு வெளியே வர உப்புத்தண்ணீர் உதவும். கிருமியைக் கொல்ல நாம் போடும் ஒரு கைப்பிடி உப்பு பற்றாது. மஞ்சள் அந்த அளவில் தண்ணீருக்கு நிறம் கொடுக்கும், அவ்வளவுதான். உங்கள் முறையில் பயன் இருக்கிறதென்றால் அது அலசலில் இருக்கிறது. எப்படி அலசுகிறோம் என்பதும் முக்கியம். வேர்ப்பகுதியை நறுக்கித் தள்ளிவிட்டு, அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் வைத்து, கீரையை முக்கிக் கலக்கி, கையால் மேலே அள்ளி எடுங்கள். பாத்திரத்தைச் சாய்த்துத் தண்ணீரை வடித்தால் அடியில் இறங்கிய மண்ணும் முட்டையும் திரும்பக் கீரைமேலேயே வந்து படியும். அடியில் மணல் தெரிவது நிற்கும் வரை தண்ணீர் மாற்றுங்கள். புழு முட்டை குளோரினுக்குச் சாகாது. இப்படி அலசித்தான் அதை இறக்க முடியும், அல்லது வேகவைக்க வேண்டும். அதனால் அலசுவதை விட்டுவிட்டு நேராகக் குளோரினுக்குத் தாவாதீர்கள்.

பச்சையாகச் சாப்பிடுவதற்கு அலசிய பிறகு 50 பி.பி.எம். (லிட்டருக்கு 50 மில்லிகிராம்) குளோரின் தண்ணீர். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொரோனா காலத்தில் வீடுகளுக்குச் சொன்ன அளவும் அதுதான். 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (திரவ பிளீச்) என்றால் லிட்டருக்கு 1 மில்லி. ஐந்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன். வாசனை சேர்த்ததையும், கழிப்பறை கழுவ என்று விற்பதையும் எடுக்காதீர்கள். பிளீச்சிங் பவுடர்தான் கிடைக்கிறது என்றால், 33 சதவீத வீரியமுள்ள தூள் 10 லிட்டருக்கு ஒன்றரை கிராம். கரைத்துத் தெளியவிட்டு மேல்தண்ணீரை மட்டும் எடுக்க வேண்டும். பிரித்து வைத்த பவுடர் நம் ஊர் வெப்பத்தில் வேகமாக வீரியம் இழக்கும், போன வருஷத்துப் பொட்டலத்தை நம்பாதீர்கள். ஐந்து நிமிடம் ஊறினால் போதும், பிறகு குடிநீரில் ஒரு அலசு. முன்பு சொன்ன கடைசி அலசல் இதுதான்: கிருமி போக்கிய இலையில் மறுபடி எந்தத் தண்ணீரைப் படவிடுகிறோம் என்பதுதான் கேள்வி. குளோரின் தண்ணீரோடு வினிகரோ எலுமிச்சையோ சேர்க்கவே கூடாது, விஷவாயு கிளம்பும். சோப்பு, பாத்திரம் தேய்க்கும் லிக்விட் எதுவும் காய்கறிக்கு வேண்டாம். அலசியதை ஈரம் போகத் துணியில் விரித்த பிறகே ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

கார்பைடு பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் மாம்பழக் காலத்தில் யாராவது கேட்பார்கள். கால்சியம் கார்பைடில் பழுக்க வைப்பது சட்டப்படி தடை, தடை சரிதான். ஆனால் நெடுஞ்சாலை ஓரத்தில் நறுக்கி வைத்த தர்பூசணி அதைவிடச் சீக்கிரம் வயிற்றைக் கெடுக்கும். கழுவாத தோலில் இறங்கிய கத்தி மண்ணிலிருந்த கிருமியைச் சதைக்குள் கொண்டுபோய் வைக்கிறது. தர்பூசணியில் புளிப்பு குறைவு, வெயிலில் இரண்டு மணி நேரம் கிருமி பெருக ஏற்ற இடம். முழுப்பழமாக வாங்கி, வீட்டில் தோலைக் கழுவி வெட்டுங்கள்.

கீரைக்காரம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. உழவர் சந்தைகளில் குழாயும் கழிப்பறையும் ஓரளவு இருக்கின்றன. போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையோ காரிமங்கலம் செவ்வாய்க்கிழமைச் சந்தையோ மாதிரிப் பெரிய கூட்டத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தவர், வாளியைத் தூக்கிக்கொண்டு குழாயைத் தேடிப் போனால் சரக்கை யார் பார்ப்பது? சுங்கம் ஏலம் விடும் உள்ளாட்சி, ஏல நிபந்தனையிலேயே தண்ணீர்க் குழாய்க்கும் சோப்பு வைத்த கை கழுவும் இடத்துக்கும் ஒரு வரி சேர்க்கலாம். விற்பவருக்குச் செலவில்லாத மாற்றங்கள் இரண்டு. மூடியுள்ள குடத்தில் ஒகேனக்கல் தண்ணீர் பிடித்து வைத்து, கையை முக்காமல் சொம்பால் ஊற்றித் தெளிப்பது. சாக்குக்குப் பதில் துவைத்த வேட்டித்துணி போர்த்துவது. வாடிக்கையாகக் கீரை வாங்குகிறவர் பழக்கத்தில் சொன்னால் கேட்பார்கள். "அக்கா, எனக்குத் தெளிக்காத கட்டாக் குடு" என்று கேட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே அடியிலிருந்து எடுத்துத் தருவார்.

உங்கள் போர் தண்ணீரைச் சோதிக்க நினைத்தால் இரண்டு சோதனைகளையும் கேளுங்கள். ஃப்ளோரைடு, உப்பு பார்ப்பது ரசாயனச் சோதனை. மலக்கிருமி பார்ப்பது தனி. தண்ணீர்ப் பரிசோதனை வேலையில் இருந்த காலத்தில் ஃப்ளோரைடு அறிக்கையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு "தண்ணீர் நல்லா இருக்கு" என்று போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். குடிநீரில் 100 மில்லியில் ஈ.கோலை என்ற மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது தரம். எச்.2.எஸ். குப்பி என்று சின்னக் குப்பி ஒன்று உண்டு. குறித்த கோடு வரை தண்ணீர் ஊற்றி வீட்டு வெப்பத்தில் வைத்து, ஒன்றிரண்டு நாளில் கறுக்கிறதா என்று பார்க்க வேண்டும். கறுத்தால் மலக்கலப்பு இருக்கலாம் என்று பொருள். ஊராட்சியில் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி பெற்ற பெண்களிடம் களப் பரிசோதனைப் பெட்டி இருக்கும், கேட்டுப் பாருங்கள். உறுதியான முடிவுக்கு மாவட்டத்திலுள்ள குடிநீர் வடிகால் வாரியப் பரிசோதனைக் கூடத்துக்குப் போக வேண்டும். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் கிருமிநீக்கிய பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும், கழுவிய தண்ணீர் பாட்டில் ஆகாது. பிடித்த ஆறு மணி நேரத்துக்குள் கொடுத்தால் நல்லது, ஐஸ் பெட்டியில் வைத்தாலும் 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிடிக்காதீர்கள், திங்கட்கிழமை காலையில் பிடித்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.